மடியில் புகையிலை, வழியில் பயம்

கேள்வி: சிங்கப்பூரில் மகன் வீட்டில் மூன்று மாதம் தங்கப்போகிறேன். நாற்பது வருடமாக மூக்குப்பொடி போடுகிறேன். ஒரு டப்பா எடுத்துப் போகலாமா?
— வாசகர், கும்பகோணம்

பதில்: ஒரு சிட்டிகைகூடக் கூடாது. மூக்குப்பொடி, குட்கா, கைனி, ஜர்தா எல்லாமே 2016 ஆகஸ்ட் 1 முதல் அங்கே தடை. ‘விற்க இல்லை, எனக்குத்தான்’ என்ற பதில் செல்லாது. சாங்கி விமான நிலையத்தில் இறங்கியபின் கையைப் பிசையாமல், டிக்கெட் எடுத்த அன்றே டாக்டரைப் பாருங்கள். மூன்று மாதம் பொடியில்லாமல் இருந்துவிட்டால், திரும்பி வந்து ஏன் மறுபடி தொடங்க வேண்டும்?

கேள்வி: துபாயில் கடையில் பில் போட்டு வாங்கிய வேப். சென்னைக்குக் கொண்டுவந்தால் என்ன தப்பு?
— வாசகர், திருச்சி

பதில்: துபாய் பில் சென்னையில் உங்களைக் காப்பாற்றாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவுக்குள் வேப் எனும் மின்சிகரெட்டைக் கொண்டுவருவதே குற்றம். முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். புகையிலையை எரிக்காமல் சூடாக்கி இழுக்கும் கருவிக்கும் இதே சட்டம்தான். நண்பருக்குப் பரிசாகவும் வாங்கி வராதீர்கள்.

கேள்வி: லண்டனில் இருக்கும் பேத்தி ஸ்பெயினுக்குச் சுற்றுலா போகிறாள். வேப்பைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடலாமா?
— வாசகி, மதுரை

பதில்: கூடாது. உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. சரக்கு அறையில் தீப்பிடித்தால் உடனே போய் அணைக்க ஆள் இருக்காது. கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தில் இழுக்கவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது.

கேள்வி: பெங்களூரிலிருந்து ஓசூருக்குத்தானே வருகிறேன்? பையில் நாலு குட்கா சரம் இருந்தால் என்ன?
— வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: நாடு ஒன்றுதான்; ஆனால் தடை உத்தரவு மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் குட்கா, மெல்லும் புகையிலை ஆகியவற்றைத் தயாரிக்க, இருப்பு வைக்க, கொண்டுசெல்ல, விற்க 2013 முதல் ஆண்டுதோறும் தடை நீட்டிக்கப்படுகிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. எல்லையில் உள்ள அத்திப்பள்ளியைத் தாண்டுவதற்குள் பையைக் காலி செய்யுங்கள்.

கேள்வி: ஸ்வீடனில் ஸ்னூஸ் தாராளமாகக் கிடைக்கிறதே, ஐரோப்பா முழுக்க அப்படித்தானா?
— வாசகர், கோவை

பதில்: இல்லை. ஸ்னூஸ் போல வாயில் அடக்கும் புகையிலையை விற்க ஐரோப்பிய ஒன்றியம் 1992-லேயே தடை போட்டது. 1995-இல் ஒன்றியத்தில் சேர்ந்தபோது ஸ்வீடன் மட்டும் விலக்கு வாங்கிக்கொண்டது. புகையிலையே இல்லாத நிகோடின் பைகளை விற்பதையும் பெல்ஜியம் 2023 அக்டோபரில் தடை செய்துவிட்டது. ரயில் எல்லை தாண்டும் ஒவ்வொரு முறையும் சட்டமும் மாறுகிறது.

கேள்வி: ஹான்ஸ் புகையிலையை விட்டுவிட்டேன். சென்னையிலிருந்து லண்டன் வரை பத்து மணி நேரத்துக்கு மேல் விமானம். நிகோடின் சூயிங்கம் உதவுமா?
— வாசகர், சேலம்

பதில்: விட்டதற்கு முதலில் கை கொடுங்கள்! உதவும், ஆனால் சாதாரண சூயிங்கம் போல அரைக்கக் கூடாது. மெதுவாக மென்று, வாயில் காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். ஒன்று அரை மணி நேரம் வரும். அவசரமாக மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே காபி, ஜூஸ் வேண்டாம். வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் சரியாக உள்ளே இறங்காது. 2 மில்லிகிராமா, 4 மில்லிகிராமா என்பதை டாக்டர் சொல்லட்டும்.

கேள்வி: கைனியில் புகையே இல்லை. பக்கத்து சீட்டுக்காரருக்கு என்ன தொல்லை?
— வாசகர், விருதுநகர்

பதில்: ரயில் பெட்டியில் துப்பினால் தொல்லைதான், 500 ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் பெரிய நஷ்டம் உங்களுக்கே. புகையில்லாப் புகையிலை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்திருக்கிறது. பாக்கும் அதே பட்டியலில்தான். 2016-17 கணக்கெடுப்பில் இந்தியப் பெரியவர்களில் 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வாய்ப் புற்றுநோய் வார்டுகள் நிரம்புவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

கேள்வி: கணவர் துபாய்க்கு வேலைக்குப் போகிறார். புகையிலைப் பாக்கெட்டை ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வைத்துக் கட்டச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?
— வாசகி, ராமநாதபுரம்

பதில்: கட்டாதீர்கள், சகோதரி. அங்கே வெற்றிலை, பான் வகைகளே சுங்கத் தடைப் பட்டியலில் இருக்கின்றன. கடன் வாங்கி விசா எடுத்தவர் ஒரு பாக்கெட்டுக்காக வேலையைப் பணயம் வைக்கலாமா? பயணத்துக்கு இன்னும் நாள் இருந்தால் இன்றே 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கு அவரையே பேசச் சொல்லுங்கள். புகையிலையை விட உதவும் தேசிய ஆலோசனை மையம் அது. முதல் இரண்டு மூன்று நாள்தான் தவிப்பு கடுமையாக இருக்கும். அந்த நாட்கள் வீட்டில், உங்கள் பக்கத்தில் கழியட்டும்.