தெருவுக்கும் ட்ராக்குக்கும் ஒரே டயர்: மூலமும் உரையும் மறுப்பும்

பைக் டயரைப் பற்றித் தமிழில் முறையான ஆய்வு இதுவரை வரவில்லை என்பது அறிவுலகின் பெருங்குறை. இப்படித் தொடங்காத ஆய்வுக் கட்டுரையை நான் படித்ததில்லை. மரபைக் கெடுப்பானேன் என்று இதையும் அப்படியே தொடங்குகிறேன். வாரநாளில் அலுவலகம், தேங்கிய மழைநீர், மெட்ரோக்காரர் தோண்டிய பள்ளம். ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக். இரண்டுக்கும் ஒரே ஜோடி டயர் ஆகுமா என்பதே ஆய்வுச் சிக்கல்.

கால வரையறை இல்லாமல் ஆய்வேது? சென்னைப் பந்தய வரலாறு சோழவரக் காலம், இருங்காட்டுக்கோட்டைக் காலம் என இரு பகுதி. முன்னதில் பழைய விமான ஓடுதளத்தில் வண்டிகள் பறந்தன. பின்னதில், 1990-இல் திறந்த சுமார் 3.7 கிலோமீட்டர் சுற்றில் பறக்கின்றன. இதைப் படித்துவிட்டு யாராவது சோழர் காலத்தில் ரேடியல் டயர் இருந்தது என்று கட்டுரை வாசித்தால் பொறுப்பு என்னுடையதல்ல.

இனி மூலபாடம். டயரின் பக்கச்சுவரில் உள்ள கல்வெட்டு: '140/70 ஆர் 17 66 எச்'. பதவுரை: அகலம் 140 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ஆர் என்றால் ரேடியல், 17 அங்குல ரிம், 66 என்ற குறி 300 கிலோ தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வரை. பஞ்சர் கடைப் பையன் இதை வீல் கழற்றும் நேரத்தில் சொல்லி முடிப்பான் (பூந்தமல்லி வாய்மொழி மரபு, காலை, டீ வருமுன்). பல்கலைக்கழகத்தில் கொடுத்தால் 'ஆர்' இடைச்செருகலா என்பதற்கே இரண்டு முனைவர் பட்டம் போய்விடும்.

அதே சுவரில் நான்கு இலக்கம் ஒன்று உண்டு. '2319' என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்த டயர். 2000-க்கு முன்பு மூன்றே இலக்கம் போட்டார்கள். '238' என்றால் 1988-ஆ, 1998-ஆ? தொண்ணூறுகளுக்கு ஒரு சிறு முக்கோணத்தைச் சேர்த்துச் சமாளித்தார்கள். சங்க காலத்தை முன்னும் பின்னும் நூற்றாண்டுக் கணக்கில் தள்ளிக்கொண்டிருக்கும் அறிஞர்களுக்கு இப்படி ஒரு முக்கோணம் கிடைத்திருந்தால் எத்தனை கருத்தரங்குகள், எத்தனை மதியச் சாப்பாடு நின்றுபோயிருக்கும்! கிடைக்காததே நல்லது. ரப்பர் வயதாக வயதாக இறுகும். கடைக்காரர் "புது மால் சார்" என்றாலும் குனிந்து அந்த நாலு எண்ணைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுக்கவும்.

இனி அருஞ்சொற்பொருள். ஸ்லிக் டயர்: பள்ளம் வெட்டாதது, காய்ந்த ட்ராக்கில் ராஜா, மழைத் தெருவில் சறுக்குமரம். டயர் வார்மர்: ஓடுமுன் டயரைச் சூடாக்கும் போர்வை, அலுவலக பார்க்கிங்கில் பிளக் பாயிண்ட் இல்லை. நைட்ரஜன்: காற்றுக்குப் பதில் டயரில் நிரப்பச் சொல்வது, சாதாரணக் காற்றிலேயே அது 78 சதவீதம்.

இப்போது இந்த ஆய்வின் உயிர்நாடிக்கு வருவோம்: சிக்கன் ஸ்ட்ரிப். டயரின் ஓரத்தில், தரையே படாமல் புதுக் கருக்கு அழியாமல் எஞ்சும் ரப்பர்ப் பட்டை அது. அகலமாக இருந்தால் ஓட்டியவர் வளைவில் வண்டியைச் சாய்க்கப் பயந்தவர் என்பது கோட்பாடு. டீக்கடை வாசலில் பைக் நின்றதும் இருவர் போய்ப் பின்சக்கரத்தடியில் குந்தி, ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல், ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பதைக் காணலாம். இவர்களில் விரற்கடைக் கட்சி, ஸ்கேல் கட்சி என இரண்டு உண்டு. விரற்கடைக் கட்சியின் முதல் ஆதாரம்: "ஒரு விரல்தான், பரவால்ல" (மேற்படி மரபு, டீ வந்த பின்). ஸ்கேல் கட்சியின் மறுப்பு: "யார் விரல்?" (அதே இடம், அதே முக்காலி, இரண்டாம் டீ, சர்க்கரை கம்மி, ஒப்புநோக்குக: எதிர்க் கடை மெக்கானிக்கின் கண்டன உரை, கெட்ட வார்த்தை நீக்கிய செம்பதிப்பு, பழைய செய்தித்தாளின் ஓரம், எண்ணெய்க் கறையால் ஈற்றடி சிதைந்தது).

சான்று இருந்தால் போலிச் சான்றும் இருக்கும். உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்துப் பட்டையை அழிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. கண்டுபிடிப்பது எளிது. ட்ராக்கில் வெந்த ரப்பர் ஓரத்தில் சிறுசிறு உருண்டையாகத் திரண்டு ஒட்டியிருக்கும். உப்புத்தாள் வேலையில் கீறல் ஒரே சீராக ஓடும், திரளே இராது. போலிச் சுவடிக்குப் புகையூட்டிப் பழமை ஏற்றியவர்களுக்கு இந்தக் கலை புதிதல்ல.

கோட்பாடே கவிழும் இடம் வேறு. தேர்ந்த ஓட்டுநர் வளைவில் உடம்பை உள்பக்கம் இறக்குவார். அதனால் அதே வேகத்துக்கு வண்டி குறைவாகச் சாய்ந்தாலே போதும், பட்டை மிச்சமாகும். கெத்துக்காகக் குறுகிய ரிம்மில் தடித்த டயரை மாட்டினால் டயர் நெருக்குண்டு நடு உச்சி கூர்த்துவிடும். ஓரம் தரைக்கு எட்டவே எட்டாது. ஆக வல்லவருக்கும் பட்டை, வீண்பகட்டுக்காரருக்கும் பட்டை. இத்தனை பக்கம் ஆராய்ந்து ஒன்றும் நிறுவப்படவில்லை என்பதால் இது முழுமையான ஆய்வு என்று கொள்க.

கார்க்காரர்களுக்கு ஒரு அடிக்குறிப்பு. அமெரிக்காவில் கார் டயர் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்கு ஒரு எண் உண்டு. 100 அடிப்படை, கூடினால் ஆயுள் கூடுதல். அங்கே அமெச்சூர் போட்டிகள் பலவற்றில் 200-க்குக் கீழே அனுமதியில்லை. அந்த எண்ணைக் குறிப்பது தயாரித்த கம்பெனியே. தன் நூலுக்குத் தானே அணிந்துரை எழுதும் வழக்கம் நம் துறைக்கு மட்டும் உரியதென்று யாரும் பெருமைப்பட வேண்டாம்.

முடிபு. நெடுஞ்சாலை டயரின் நடுவைத் தின்று தட்டையாக்கும். ட்ராக் ஓரத்தைத் தின்னும். இதற்காகவே நடுவில் கடின ரப்பரும் ஓரத்தில் மெது ரப்பரும் வைத்த டயர்கள் வருகின்றன. எப்போதாவது ட்ராக்குக்குப் போகிறவருக்கு அப்படி ஒரு நல்ல தெரு டயர் தாராளம். புது டயர் முதல் நூறு கிலோமீட்டருக்கு வழுக்கும், நிதானம் வேண்டும். ட்ராக்கில் டயர் சூடேற உள்ளே காற்றழுத்தம் ஏறும். ஆகவே சொந்தமாக ஒரு காற்றழுத்த மானி வாங்கிக்கொண்டு, அங்கே சொல்லித்தரும் அளவுக்குக் குறைத்து ஓட்டுங்கள். மாலையில் பழைய அளவுக்கு ஏற்ற மறக்காதீர்கள்: பெங்களூர் நெடுஞ்சாலை வழியே வீட்டுக்கும் அதே டயரில்தான் வரவேண்டும்.