துணிக்கொடி மழைமணிக்கு உகந்த பேட்டரி யாது?

திருவனந்தபுரத்தில் மழைக்காலம் இரண்டு: ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. கொடியில் துணி காயும் நேரம் பார்த்து வருவது மூன்றாவது. வானிலையாளர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கென மொட்டைமாடியில் ஓர் ஆர்டுயினோவும் மழை சென்சாரும் பஸ்ஸரும் வைக்கப் புகுவோர், எந்த பேட்டரி என்ற இடத்தில் மூன்று மதமாகப் பிரிவர்.

சதுரவாதிகள் 9 வோல்ட்டே போதும் என்பர். நாக்கில் வைத்தால் சுரீர் என்னும். உயிர் இருப்பதற்கு அதுவே பிரமாணமாம். அது பொருந்தாது. தகரத்தைப் பிரித்தால் உள்ளே 1.5 வோல்ட் குட்டிக் கட்டைகள் ஆறு, வரிசையாக. வரிசையில் கோத்தால் வோல்ட் கூடும், கொள்ளளவு கூடாது: மொத்தமே சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணி. ஆர்டுயினோ யூனோ சும்மா விழித்திருக்கவே ஏறக்குறைய 50 மில்லி ஆம்பியர் இழுக்கும். போதாக்குறைக்கு, 9-ஐ 5 ஆக்கும் ரெகுலேட்டர் மீதி 4 வோல்ட்டைச் சூடாக்கித் தொலைக்கும். காலையில் மாட்டினால் அந்தி மழைக்கு மணி அடிக்காது.

நான்கு பென்சில் செல் என்பது அடுத்த கட்சி. கொள்ளளவு 2000-க்கு மேல், மெச்சத்தக்கது. ஆயின் புது அல்கலைன் நான்கு சேர்ந்தால் 6 வோல்ட்டைத் தாண்டும். 5 வோல்ட் பின்னில் நேரே கொடுத்தால் சிப்புக்கு ஆகாது. சார்ஜ் செய்யும் நிக்கல் செல் நான்கென்றால் 4.8, வழக்கு தீர்ந்தது. ஆனால் நடைமுறையில் நான்கில் இரண்டு டிவி ரிமோட்டிலிருந்து உருவப்பட்டவை. புதியதோடு சேர்ந்த பழையது முதலில் வற்றி, கசிந்து, ஸ்பிரிங்கைப் பச்சை பூக்க வைக்கும். ரிமோட் தேடும் மாமனார் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவர்.

உருளைவாதிகள் 18650-ஐத் தொழுவர்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 நீளம், 3.7 வோல்ட். இவர்களுக்கு ஊர்ப்பெருமையும் துணை. இதே ஊர் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் 1.5 முதல் 100 ஆம்பியர்-மணி வரை லித்தியம் அயான் செல்களை உருவாக்கி, 2018-இல் அத்தொழில்நுட்பத்தை இந்தியத் தொழிலகங்களுக்குத் தர முன்வந்தது. ராக்கெட்டுக்குத் தாங்குவது துணிக்கொடிக்குத் தாங்காதா என்பர். தாங்கும். ஆனால் ராக்கெட் செல்லை எவரும் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து ஏப்ரல் வெயிலில் காயப்போடுவதில்லை. 4.2-க்கு மேல் ஏறாமலும் 2.5-க்குக் கீழ் இறங்காமலும் தடுக்கும் பாதுகாப்பு போர்டும் வேண்டும். அதை வாங்கினோர் சிலர், வாங்க இருப்போர் பலர்.

ஆர்டுயினோவே எதற்கு என்பாரும் உளர். ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் போதுமாம்: தட்டில் துளி விழுந்தால்தான் கரண்ட் ஓடும், காய்ந்திருந்தால் ஏறத்தாழ ஒன்றுமே இழுக்காது, சதுரமும் மாதக்கணக்கில் நிற்கும். மறுக்க வழியில்லை. ஈரத்துணியை உதறினாலும் மணி அடிக்குமே என்ற ஆட்சேபம் தனி ஆய்வுக்குரியது.