புரட்டாசிக்கு எந்தக் கரை?

கேள்வி: மாத்தளையிலிருந்து புரட்டாசி, ஐப்பசியில் கடற்கரை விடுதியில் தங்கப் போகிறோம். நீர்கொழும்பா, நிலாவெளியா?

பதில்: புரட்டாசி என்றால் யோசிக்காமல் நிலாவெளி. மாத்தளை மாவட்டத்துக்குக் கடல் இல்லை. ஆனால் கிழக்கு, மேற்கு இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று மேற்குக் கடலைக் கொந்தளிக்க வைத்து, மழையை மலைநாட்டில் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிய கச்சானாகக் கிழக்கே இறங்குகிறது. அங்கே அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோர அலை அடங்கிவிடும். அதே காற்றுதான் பிள்ளைகளின் மிதவை வளையத்தையும் ஆழத்துக்கு இழுத்துப் போகும். அவர்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கட்டும்.

“ஐப்பசியில் மழை பிடிக்குமே” என்பீர்கள். சரிதான். ஒக்டோபரில் பின்னேர இடிமழை தொடங்கும். நவம்பரில் வங்கக்கடல் தாழமுக்கங்களும் சேரும். ஆனால் அந்த இடைப்பருவ மழைக்குக் கிழக்கு மேற்கு என்ற பேதமில்லை. நீர்கொழும்புக்கு ஓடினாலும் துரத்தி வந்து நனைக்கும். அதனால் மாற்ற வேண்டியது கரையை அல்ல, திகதியை. செப்டெம்பருக்குள் தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலைக்குப் புறப்படுங்கள். மேற்குக் கரையை மார்கழிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.