எண் 0 அவர்களுக்கு எண் 33 எழுதும் மனு

அனுப்புநர்: டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, பயனர் எண் 33, உபுண்டு சர்வர், முகாம்: தேவாரம், தேனி மாவட்டம்.

பெறுநர்: மேன்மை தங்கிய ரூட் அவர்கள், பயனர் எண் 0, மேற்படி சர்வர்.

பொருள்: வலைதளக் கோப்புகள் – போகும் வழி மறுக்கப்பட்டமை – தொடர்பாக.

பார்வை: பிழை எண் 403, நாள்தோறும்.

ஐயா,

மனுதாரரின் பெயரை ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள் போடி பஸ் கிளம்பிவிடும். ஆகவே இனி ‘மனுதாரர்’ என்றே இருக்கட்டும். டெபியன், உபுண்டு சர்வர்களில் அப்பாச்சி ஆனாலும் என்ஜின்எக்ஸ் ஆனாலும், வாடிக்கையாளர் கேட்ட பக்கத்தை எடுத்துக் கொடுக்கும் கடைப்பையன் இவர்தான். பாஸ்வேர்டு கிடையாது. உள்ளே வந்து உட்கார ஒரு ஷெல்கூடக் கிடையாது.

தேவாரத்து ஏலக்காய்க் கடை ஒன்றுக்கு அந்த வீட்டுத் தம்பி வலைதளம் செய்தார். கோப்புகளைத் தன் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வைத்தார். ஒவ்வொரு கோப்புக்கும் பெர்மிஷன் 644: உரியவர் எழுதலாம், குரூப்பும் ஊராரும் படிக்கலாம். பட்டா சுத்தம், சிட்டா சுத்தம். திரையில் மட்டும் 403.

காரணம் கோப்பில் இல்லை. உபுண்டு 21.04-லிருந்து, அதாவது 2021 முதல், புதிதாகத் திறக்கும் கணக்குகளின் ஹோம் ஃபோல்டருக்கு 750 என்று ஆணை. அதற்கு முன் 755. கடைசி 5 போய் 0 வந்ததில் ஊராருக்கு (மனுதாரரும் அதில் அடக்கம்) அந்த வாசலைக் கடக்கும் உரிமை போயிற்று. ஃபோல்டருக்கு ‘எக்ஸ்’ என்பது உள்ளே நடந்து போகும் உரிமை. வழியில் உள்ள ஃபோல்டர்களில் ஒன்றில் அது இல்லாவிட்டால், கடைசியில் இருக்கும் கோப்பு எவ்வளவு திறந்து கிடந்து என்ன?

தேவாரத்துக்காரர்களுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஊருக்கு நேர் மேலே சாக்கலூத்து மெட்டு, அதைத் தாண்டினால் கேரளத்து ஏலத்தோட்டங்கள். நடுவில் வனத்துறையின் காடு. ரோடு கேட்டுக் கேட்டுத் தலைமுறை மாறிவிட்டது. தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் ஜீப்பில் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றுகிறார்கள். மேலே தோட்டத்து கேட் திறந்தேதான் இருக்கிறது. (காட்டுக்கும் ஒரு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஹோம் ஃபோல்டருக்கும் உண்டு. உள்ளே சாவிக்கோப்பு இருக்கிறதே.)

தம்பி யாரிடமோ யோசனை கேட்டார். எல்லாரும் சொல்வதையே அவரும் சொன்னார்: 777 போடு.

போடி ஏல மையத்துப் பக்கம் 7 என்றால் காயின் மில்லிமீட்டர் கணக்கு. தங்கள் ராஜ்யத்தில் படிக்க 4, எழுத 2, கடக்க 1, கூட்டினால் 7. மூன்று ஏழும் சேர்ந்தால், காய் உலரும் ஸ்டோரைத் திறந்துபோட்டுச் சாவியையும் வாசலில் தொங்கவிட்டதற்குச் சமம். தம்பி ஹோம் ஃபோல்டருக்கே 777 போட்டார், 403 போனது. சாயங்காலம் தம்பி வெளியிலிருந்து சாவிக்கோப்போடு எஸ்எஸ்ஹெச் வழியாக வந்தால் வாசல் காவலர் விடவில்லை. ஹோம் ஃபோல்டரில் ஊரார் எழுதலாம் என்றிருந்தால் அந்தச் சாவியை அவர் நம்ப மாட்டார். எல்லாருக்கும் திறந்த வீட்டில் சொந்தக்காரர் வெளியே நின்றார்.

அவரைவிடத் துணிந்தவர்களும் உண்டு. மொத்த டிஸ்க்குக்கும், ‘/’ என்ற ஒற்றைக் கோட்டிலிருந்து, 777 போடுவார்கள். அப்போது சூடோ என்ற தங்கள் அந்தரங்கச் செயலர் தன் செட்யுஐடி முத்திரையை இழந்து, கையை விரித்துவிடுவார். யாரோ ஒருவர் ஓட்டினாலும் உரியவரின் அதிகாரத்தோடு நிரல் ஓடவைக்கும் அந்த முத்திரை டென்னிஸ் ரிட்சியின் யோசனை. 1973-ல் விண்ணப்பித்து 1979-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அவ்வளவு யோசித்துச் செய்ததை அழிக்க மூன்று ஏழு போதுமானதாக இருக்கிறது.

ரெட் ஹேட் பக்கம் ‘அப்பாச்சி’ என்ற பயனர் பெயரில் இதே வேலை பார்க்கும் சகாவின் பாடு இன்னும் மோசம். அங்கே எஸ்இலினக்ஸ் என்று இன்னொரு இலாகா. பெர்மிஷன் சரியாக இருந்தாலும் மூட்டைமேல் குறி சரியில்லை என்று நிறுத்தும். ஹோமிலிருந்து கோப்பை நகர்த்தினால் பழைய குறியோடே வரும். நகல் எடுத்தால் புது இடத்துக் குறி விழும். இதை அவருக்கு யார் சொன்னார்கள்?

மனுதாரர் கேட்பது கொஞ்சம்தான். வலைதளத்தை வார் ஃபோல்டருக்குள் இருக்கும் டபிள்யூடபிள்யூடபிள்யூ ஃபோல்டருக்கு மாற்றவும். உரியவர் தம்பியே இருக்கட்டும், குரூப் மட்டும் மனுதாரர் பெயரில். ஃபோல்டருக்கு 750, கோப்புக்கு 640. காய்களின் படம் ஏற்றும் ஃபோல்டரில் மட்டும் மனுதாரர் எழுத அனுமதி. மற்ற எதிலும் எழுதும் ஆசை அவருக்கு இல்லை. யாராவது அவரை ஏமாற்றி உள்ளே புகுந்தாலும் வலைதளக் கோப்புகளுக்குச் சேதம் அந்த ஒரு ஃபோல்டரோடு நிற்கும். அடுத்த முறை 403 வந்தால், 777-ஐத் தேடும் முன் ‘நேம்ஐ’ என்ற கட்டளையை -எல் சேர்த்து ஒருமுறை ஓட்டச் சொல்லவும். உச்சியிலிருந்து கோப்பு வரை ஒவ்வொரு வாசலிலும் யார் பெயர், என்ன அனுமதி என்று வரிசையாகக் காட்டும்.

தங்களுக்குப் பெர்மிஷன் எதுவும் தடையில்லை என்பதால் இம்மனு எங்கிருந்தாலும் படிப்பீர்கள். மனுதாரரால் வைக்க முடிந்த இடம் ‘டெம்ப்’ என்ற புறம்போக்கு ஃபோல்டர்தான். அங்கே யாரும் எதையும் வைக்கலாம், அடுத்தவர் வைத்ததை நீக்க மட்டும் முடியாது. சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டால் அங்கிருப்பது எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். மலையடிவாரத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தங்களுக்குத் தெரியாததல்ல. அதற்குள் பார்வையிட வேண்டுகிறார்.

இப்படிக்கு,
எண் 33