மெட்ராஸ் பதினேழு

பள்ளிக்கூடத்தில் சேர்வதற்கு முன்பே நான் மனப்பாடம் செய்தது எங்கள் வீட்டு விலாசம். என் பெயர், அப்பா பெயர், கதவு எண், சாரங்கபாணி தெரு, தியாகராய நகர், மெட்ராஸ் பதினேழு. தலை பின்னும்போது அம்மா கேட்பாள், நான் ஒப்பிப்பேன். தடுக்கினால் பின்னலைப் பிடித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து சொல்ல வைப்பாள். "யார் கேட்டாலும் சத்தமா சொல்லணும். முணுமுணுக்கக் கூடாது" என்பாள். இன்னொன்றும் உண்டு: "தொலைஞ்சா நின்ன இடத்திலேயே நில்லு. நீ என்னைத் தேடாதே. நான் உன்னைத் தேடிண்டு வருவேன்."

1974 தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டுமே தேவைப்பட்டன. எனக்கு ஏழு வயது. ரங்கநாதன் தெரு அப்போதும் நெரிசல்தான். மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் வந்து நின்றால் அத்தனை ஜனமும் அந்த ஒரே தெருவுக்குள் இறங்கும். பாத்திரக் கடை வாசலில் அம்மா எவர்சில்வர் தூக்குக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்துக் கடையில் தொங்கிய ரிப்பன்களைப் பார்த்தபடி நான்கடி நகர்ந்திருப்பேன். திரும்பினால் எல்லாப் புடவையும் அம்மா புடவை மாதிரி இருந்தது. நின்ற இடத்திலேயே நின்று அழுதேன்.

பாத்திரக் கடை அண்ணாச்சி என்னைத் தூக்கி முக்காலியில் உட்கார வைத்து, "எந்தத் தெரு பாப்பா?" என்றார். அழுகைக்கு நடுவிலும் மெட்ராஸ் பதினேழு வரை ஒரு மூச்சில் சொன்னேன். கடைப் பையன் ஒருவன் ஸ்டேஷன் பக்கம் ஓடினான், இன்னொருவன் உஸ்மான் ரோடு பக்கம். கால் மணி நேரத்தில் அம்மா வந்துவிட்டாள்.

அவள் அடிக்கவில்லை. இதை நான் இத்தனை வருஷம் கழித்தும் நினைத்துக்கொள்கிறேன். அடி விழும் என்று முதுகை வளைத்து நின்றேன். அவள் என்னை அணைத்துக்கொண்டு, "நான்தான் கையை விட்டுட்டேன்" என்றாள். ரிப்பன் கடையில் அரக்குக் கலரில் ஒரு முழம் வாங்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு எந்தத் தப்பு நடந்தாலும் முதலில் அவளிடம் போய்ச் சொல்லும் பெண்ணாகவே நான் வளர்ந்தேன்.

நான் பிறகு தொடக்கப் பள்ளி ஆசிரியை ஆனேன். தி.நகரை ஒட்டிய ஒரு சின்னப் பள்ளியில் முப்பது வருஷத்துக்கு மேல் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள். முதல் வாரத்தில் ஒவ்வொரு குழந்தையையும் எழுப்பி விலாசம் சொல்ல வைப்பேன். அம்மா எனக்குச் செய்ததை நான் அவர்களுக்குச் செய்தேன்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் மறுபடி வகுப்புக்கு வந்தது 2021 நவம்பர் 1 அன்று. பள்ளி மூடும்வரை "போனைத் தொடாதே" என்று சொன்ன வீடுகளில், அந்த ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக "போனை எடுத்துண்டு உட்காரு" என்று நாங்களே சொன்னோம். ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு நாளைக்கு இரண்டு பாடவேளைதான், ஒவ்வொன்றும் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிஷம் என்று 2020 ஜூலையில் மத்திய அரசு வழிகாட்டியது. அந்த நேரத்துக்குப் பாடம் நடத்தினோம். மீதிப் பொழுதெல்லாம் அந்தப் போன் பிள்ளையின் கையில் என்ன செய்தது என்று நாங்கள் கேட்கவில்லை. பள்ளி திறந்து பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். போன் மட்டும் அவர்கள் கையிலேயே தங்கிவிட்டது.

2023இல் மூன்றாம் வகுப்பில் ஒரு பையன். அவன் அம்மா உஸ்மான் சாலையில் ஒரு ஜவுளிக் கடையில் புடவைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு பத்தாகும். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த அவளைப் போன்றவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியதே 2021இல்தான். பள்ளி விட்டதும் பையனுக்குத் துணை, அம்மாவின் பழைய போன். "குழந்தை போன் பார்க்கும்போது பெற்றோர் பக்கத்தில் இருக்க வேண்டும்" என்று அச்சடித்த அறிவுரை எங்கள் பள்ளியிலும் கொடுத்தோம். அதை அவள் கையில் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் என்னிடம் வந்து நின்றான். "மிஸ், ஸ்கூல் பேரைச் சொன்னா யாராவது வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்களா?"

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். போனில் வீடு கட்டும் விளையாட்டு ஒன்று. அதில் ஒரு 'அண்ணா' பழக்கமானான். இவனுக்கு இலவசமாகக் காசு கொடுத்தான், விளையாட்டுக் காசு. எந்த ஸ்கூல் என்று கேட்டான், இவன் சொன்னான். சத்தமாக, தெளிவாகச் சொல்லத்தான் நான் பழக்கியிருந்தேனே. அப்புறம் யூனிஃபார்மில் ஒரு போட்டோ கேட்டான். அதையும் அனுப்பியாயிற்று. அதன் பிறகு வேறு மாதிரி போட்டோ கேட்க ஆரம்பித்திருக்கிறான். இவன் மாட்டேன் என்றதும் அவன் சொன்ன வார்த்தை இது: "அம்மாகிட்ட சொன்னா போனைப் பிடுங்கிடுவாங்க. சொல்லாதே."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு உடம்பு நடுங்கியது. பெற்றோர் கூட்டங்களில் வருஷக்கணக்காக நான் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை அது. "பேச்சு கேக்கலைன்னா போனைப் பிடுங்கி வையுங்க." அம்மாக்கள் வீட்டில் அதையே சொன்னார்கள். முகம் தெரியாத ஒருவனுக்கு மிரட்டலைத் தயாராக எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பையன் மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்த அண்ணாவிடம் பயம் அல்ல, எங்களிடம் பயம்.

அன்று மாலை கடையில் சொல்லிவிட்டு அவன் அம்மா ஓடிவந்தாள். செய்தி கேட்டதும் அவள் கை முதலில் போனது போனுக்குத்தான், எல்லாவற்றையும் அழிக்க. நான் தடுத்தேன். அழித்தால் அந்த ஆளைத் தேட வழியில்லாமல் போகும். பேச்சு வந்த பக்கங்களை அப்படியே விட்டு, போனோடு காவல் நிலையம் போக வேண்டும். பிள்ளையின் தகாத படம் ஏதாவது அதில் இருந்தால் ஆதாரத்துக்கு என்றுகூட யாருக்கும் அனுப்பக் கூடாது, வாட்ஸ்அப்பில் என்னிடமும் கூட. அத்தகைய படத்தை அழிக்காமலும் புகார் தராமலும் வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதும் நம் ஊர் வழக்கில்தான். அம்பத்தூரில் பதிவான வழக்கு அது.

"ஸ்டேஷனுக்கா மிஸ்? பிள்ளையையா?" என்று அழுதாள். அவள் பயம் நியாயமானது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் இருக்கிற சில விஷயங்களை ஒவ்வொரு அம்மாவும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது. குழந்தையிடம் வாக்குமூலம் வாங்குகிற காவலர் சீருடையில் இருக்கக் கூடாது. குழந்தையின் வீட்டிலோ அதற்குப் பிடித்த இடத்திலோ வைத்துத்தான் கேட்க வேண்டும். கூடியவரை பெண் அதிகாரியே கேட்க வேண்டும். பெயரும் பள்ளியும் வெளியே வரக் கூடாது. இவை தவிர, எந்த நேரமானாலும் 1098 என்ற எண்ணில் குழந்தைக்காகப் பேச ஆள் உண்டு. இணையக் குற்றத்துக்கு 1930 இருக்கிறது. இவற்றை எடுத்துச் சொன்ன பிறகே அவள் எழுந்தாள். பையனின் தலையைத் தடவி, "நான்தான் உன்னைத் தனியா விட்டுட்டேன்" என்றாள். என் அம்மாவின் குரல் போலவே இருந்தது.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை பெற்றோர் கூட்டங்களில் நான் வேறு விதமாகப் பேசினேன். போனைப் பிடுங்குவேன் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்பதுதான் முதல் வேண்டுகோள். நேரம் குறைக்கலாம், இரவில் போன் சமையலறை அலமாரியில் சார்ஜ் ஏறட்டும், கூடத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆனால் வந்து சொன்னதற்குத் தண்டனையாக அதைப் பறிக்காதீர்கள்.

இன்னொன்றை அம்மாக்கள் யோசித்தே பார்த்திருக்கவில்லை. யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் எல்லாம் பதின்மூன்று வயதுக்குக் கீழே இருப்பவர்கள் தாங்களாகவே கணக்கு வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. 2023இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டுக்குக் கீழே இருப்பவர்களின் விவரத்தைத் தொடப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆனால் பிள்ளை பார்ப்பது அம்மாவின் போன், அம்மாவின் கணக்கு. அந்த நிறுவனங்களுக்கு இவன் எட்டு வயதுப் பையன் இல்லை, முப்பத்து நாலு வயதுப் பெண்மணி. பெண்மணிக்கு என்னென்ன காட்டலாமோ அதெல்லாம் வரும். எந்த விதியும் இவனைக் காக்க வராது. எனவே பிள்ளைக்கென்று அதன் உண்மையான வயதில் தனிக் கணக்கு. கூகுளின் ஃபேமிலி லிங்க் இலவசம், அமைக்க அரை மணி நேரம் ஆகும். முடியாதவர்களுக்குப் பள்ளி விட்டதும் நானே உட்கார்ந்து அமைத்துக் கொடுத்தேன். விளையாட்டுகளில் பேசும் வசதியை அணைத்தோம், ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுவதையும் நிறுத்தினோம். சில அம்மாக்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பள்ளி அடையாள அட்டையோடு பிள்ளை படத்தைப் போட்டிருந்தார்கள். கூட்டத்திலேயே அவர்களாகவே அதை நீக்கினார்கள்.

இதையெல்லாம் விட எனக்குப் பலன் தெரிந்தது வேறொன்றில். "அந்த கேமை எனக்கும் சொல்லிக் கொடுடா" என்று வாரத்தில் ஒருநாள் பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள் என்றேன். ஜவுளிக் கடை அம்மா ஞாயிற்றுக்கிழமை இரவு கால் வலியோடு உட்கார்ந்து சுவர் கட்டக் கற்றுக்கொண்டாள். "என் வீடு இடிஞ்சு விழுந்துட்டே இருக்கு மிஸ், அவன் சிரிக்கிறான்" என்று சொன்னாள். இப்போது புதிதாக யார் பேச வந்தாலும் அவனே சொல்லிவிடுகிறானாம்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் என் பேத்தியோடு தி.நகர் போனேன். எட்டு வயது. மாம்பலத்தில் இறங்கி, 2023இல் திறந்த நடை மேம்பாலத்தில் ஏறி, மேலிருந்து கூட்டத்தைக் காட்டினேன். கீழே இறங்கியதும் ஒரு பெண் காவலர் எங்களை நிறுத்தினார். கூட்டத்தில் குழந்தைகள் தொலையாமல் இருக்கக் கையில் பட்டை கட்டுகிறார்கள். என் மகளின் போன் எண்ணைக் கேட்டு, பேனாவால் பெரிதாக எழுதி, பேத்தியின் மணிக்கட்டில் கட்டினார்.

பேத்திக்கு முகம் மாறியது. "பாட்டி, இதுல அம்மா நம்பர் இருக்கே. எல்லாரும் படிச்சிடுவாங்களே. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

காவலர் என்னைப் பார்த்தார். நான் அங்கேயே, அந்த நெரிசலில், அவள் உயரத்துக்குக் குனிந்தேன். "தொலைஞ்சா நின்ன இடத்திலேயே நில்லு. இந்த மாதிரி போலீஸ் அக்கா வந்தா காட்டு. கடைக்குள்ள உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சிகிட்ட காட்டு. மத்தவங்களுக்கு வேண்டாம்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். பட்டையைத் திருப்பி எண் எழுதிய பக்கத்தை உள்ளங்கைப் பக்கம் வைத்துக்கொண்டாள். அந்தக் கையை மூடிக்கொண்டு, மற்றக் கையை என்னிடம் நீட்டினாள்.