ஆடு செத்தால் யாருக்கு நஷ்டம்?

? கடன் வாங்கி முன்னுக்கு வந்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?
– நம்பிக்கை இழந்தவர், விருதுநகர்

தெரியும். கடன் கொடுத்து முன்னுக்கு வந்தவர்களையும் தெரியும். இரண்டாவது பட்டியல் கொஞ்சம் நீளம்.

? ஏழைக்கு மீனைக் கொடுக்காதே, மீன் பிடிக்கக் கற்றுக்கொடு என்பார்களே. தொழிற்பயிற்சிதானே உண்மையான தர்மம்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை

ஐயா, பக்கத்தில் இருக்கும் தரங்கம்பாடிக்குப் போய், ‘மீன் பிடிக்கக் கற்றுத்தர வந்திருக்கிறேன்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அங்குள்ள மீனவர்களே உங்களைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். ஏழைக்குத் தொழில் தெரியாது என்ற நினைப்பில்தான் பாதித் திட்டங்கள் வழுக்கி விழுகின்றன. அவருக்குத் தெரியும். வலைக்கும் டீசலுக்கும் யாரிடம் கை நீட்டுவது, பிடித்த மீனை அந்த ஆள் சொன்ன விலைக்கே ஏன் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் சிக்கல்.

? தெருவில் காய்கறி விற்பவர்கள் தினமும் காசு பார்க்கிறார்கள். அவர்களுக்கு எதற்குக் கடன்?
– இல்லத்தரசி, அண்ணாநகர்

காலையில் சரக்கு எடுக்க. சென்னையில் பழம், காய்கறி விற்பவர்களைப் பற்றி பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூப்ளோவும் 2011இல் வந்த தங்கள் புத்தகத்தில் ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார்கள். காலையில் வாங்கிய கடனைச் சாயங்காலம் திருப்பும்போது சராசரி வட்டி 4.69 சதவீதம். ஆண்டுக்கு அல்ல, மாதத்துக்கும் அல்ல, நாளுக்கு! 100 ரூபாயை இந்த வட்டியில் ஒரு வருஷம் திருப்பாமல் விட்டால், வட்டிக்கு வட்டி ஏறி 184 கோடி ரூபாய் ஆகும். காய்கறிக்கார அம்மா தினமும் திருப்பிவிடுவதால்தான் நமக்கு அது கண்ணில் படுவதில்லை. நீங்கள் கொசுறு கேட்கும் கொத்தமல்லி அந்த வட்டி போக மிஞ்சியதில் இருந்து வருகிறது.

? சின்னக் கடன் என்பதே வங்கதேசத்து முகமது யூனுஸ் கண்டுபிடித்ததுதானே?
– போட்டித் தேர்வு எழுதுபவர், பெரம்பலூர்

தேர்வில் அப்படியே எழுதிவிடுங்கள், மார்க் கிடைக்கும். 1976இல் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு அவர் தன் பையிலிருந்து கொடுத்த 27 டாலர்தான் பின்னால் கிராமீன் வங்கியானது. நோபல் பரிசு 2006இல். ஆனால் அதற்கு முன்பே, 1974இல் ஆமதாபாதில், இளா பட்டின் ‘சேவா’ மகளிர் சங்கத்தில் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு ஒரு வங்கியையே தொடங்கிவிட்டார்கள். பழைய துணி விற்பவர், கைவண்டி இழுப்பவர் எல்லாம் பங்குதாரர்கள். 1978இல் நம் சென்னையில் ஜெயா அருணாசலம் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். 1989இல் தருமபுரியில் அரசே மகளிர் சுய உதவிக் குழுக்களைக் கட்டத் தொடங்கியது. இதெல்லாம் கேள்வித்தாளில் வராது. அதனால்தான் சொல்கிறேன்.

? எங்கள் ஊரில் ஒரு தொண்டு நிறுவனம் ஆடு வாங்கப் பெண்களுக்குக் கடன் தருகிறது. நல்ல காரியம்தானே? நன்கொடை கேட்டு என்னிடமும் வந்தார்கள்.
– மளிகைக் கடைக்காரர், மணப்பாறை

நல்ல காரியமாகவே இருக்கலாம். கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆடு செத்தால் யாருக்கு நஷ்டம்?

மழைக்காலத்தில் நோய் விழுந்து நாலு ஆட்டில் மூன்று போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடு செத்தாலும் டியூ சாகாது. அடுத்த செவ்வாய்க்கிழமை கடன் குழுக் கூட்டத்தில், ஆடு வாங்கிய அம்மா பணத்தோடு உட்கார வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒன்பது பேரும் அவரைத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து தோடு அடகுக்குப் போகும். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் ‘99 சதவீதம் திரும்பி வந்தது’ என்று அச்சாகும். தோடு திரும்பி வந்ததா என்று எந்த அறிக்கையிலும் பார்த்ததில்லை.

ஒன்றுமே இல்லாதவருக்கு முதல் ஆடு கடனாக வரக்கூடாது என்பது என் கட்சி. இது வெறும் இரக்கம் இல்லை, செய்து பார்த்த விஷயம். கடன் கொடுப்பதில் ஊறிப்போன வங்கதேசத்துப் பிராக் அமைப்பே, அடிமட்டத்தில் இருப்பவர்களுக்குக் கடன் ஒத்துவரவில்லை என்று கண்டு, 2002இல் வழியை மாற்றிக்கொண்டது. ஆடோ மாடோ இனாம். அது பலன் தரும்வரை சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் பணம். வளர்க்கப் பயிற்சி. சேமிக்க ஒரு பழக்கம். வாரந்தோறும் வீட்டுக்கே வந்து விசாரிக்க ஓர் ஆள். இப்படிச் சுமார் இரண்டு வருஷம். இதே முறையை இந்தியா, எத்தியோப்பியா, பெரு உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து, 2015இல் முடிவு வெளியிட்டார்கள். திட்டம் முடிந்து ஒரு வருஷம் கழித்தும் சாப்பாடு, சொத்து, சேமிப்பு எல்லாம் கூடுதலாகவே இருந்தன. செலவு பிடிக்கும் வழிதான். போட்டோ எடுத்துப் போட ‘ஆயிரம் பயனாளிகள்’ கிடைக்கமாட்டார்கள்.

? அப்படியானால் கடனே வேண்டாம் என்கிறீர்களா?
– குழு ஊக்குநர், உசிலம்பட்டி

உங்களிடம் அப்படிச் சொல்லிவிட்டு நான் உசிலம்பட்டிப் பக்கம் வர முடியுமா? ஹைதராபாதில் ஆய்வாளர்கள் 104 குடியிருப்புகளை எடுத்து, பாதியில் மட்டும் முதலில் சிறுகடன் கிளை திறந்து ஆராய்ந்தார்கள். ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள் முதலைப் பெருக்கினார்கள். ஆனால் குடும்பத்தின் மொத்தச் செலவிலும் பிள்ளைகள் படிப்பிலும் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. ஓடுகிற வண்டிக்குக் கடன் டீசல். வண்டியே இல்லாதவர் டீசல் கேனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

இன்னொன்று. கடன் வாங்கிய இரண்டாவது வாரமே தவணை தொடங்கினால், எந்தத் தொழிலில் முதலைப் போடத் தைரியம் வரும்? அன்றன்றைக்குக் காசு வரும் தொழிலில்தான். கொல்கத்தாவில் சிலருக்கு இரண்டு மாதம் கழித்துத் தவணையைத் தொடங்கிப் பார்த்தார்கள். மூன்று வருஷம் கழித்து அவர்கள் லாபம் மற்றவர்களைவிட நன்றாகக் கூடியிருந்தது. தவணை தவறியவர்களும் கூடியிருந்தார்கள், அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உங்கள் குழுவின் சொந்தச் சேமிப்பிலிருந்து தரும் உள்கடனில் இந்த அவகாசத்தைக் கொடுக்க நீங்களே முடிவெடுக்கலாம். அதுதான் குழுவின் பலம்.

? வட்டி 12 சதவீதம்தான் என்கிறார்கள். வாங்கலாமா?
– தையல்காரர், அரூர்

எந்தப் பன்னிரண்டு? ‘பிளாட்’ என்று சொன்னால் உஷார். 10,000 வாங்கி மாதம் 933 ரூபாயாகப் பன்னிரண்டு மாதம் கட்டினால், மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது; வட்டி மட்டும் முழுப் பத்தாயிரத்துக்கும் போடப்படுகிறது. உண்மை வட்டி 21 சதவீதத்தைத் தாண்டும். ரிசர்வ் வங்கியின் சிறுகடன் விதிப்படி, அந்த வங்கியின் கீழ் வரும் நிறுவனம் வட்டி விவரத்தாள் ஒன்று கொடுத்தாக வேண்டும். கேட்டு வாங்குங்கள். முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது. அந்த விதியைப் படித்துக் காட்டினால் வந்தவர் கொஞ்சம் தணிந்து பேசுவார்.

? கடனை ஏன் பெண்கள் பேரிலேயே கொடுக்கிறார்கள்?
– ‘பாவப்பட்ட கணவன்’, கரூர்

ஒழுங்காகக் கட்டிவிடுவார்கள் என்பதால். பணம் அவர்கள் கையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. தென்னிலங்கையில் சிறுதொழில் செய்பவர்களுக்கு இனாமாகவே முதல் கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்கள் தொழிலில் லாபம் கூடியது, பெண்கள் தொழிலில் சராசரியாகக் கூடவில்லை. ‘பெண்களுக்குச் சாமர்த்தியம் போதாது’ என்று முடிவு கட்ட இருந்தபோது, வேறு சில ஆய்வாளர்கள் கணக்கை மறுபடி கிண்டினார்கள். பல வீடுகளில் மனைவிக்கு வந்த பணம் கணவனின் தொழிலுக்குப் போயிருக்கிறது! கையெழுத்து அவருடையது, கல்லா உங்களுடையது. யார் பாவப்பட்டவர் என்பதைக் கரூரிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

? நான் எம்.பி.ஏ. படிக்கிறேன். கிராமத்துப் பெண்களுக்கு இலவசமாக பிசினஸ் வகுப்பு எடுக்க ஆசை. என்ன சொல்லிக்கொடுக்கலாம்?
– மாணவி, கோவை

ஆசை நல்லது. ஸ்வாட் அனாலிசிஸை மட்டும் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். டொமினிகன் குடியரசில் சிறு வியாபாரிகளில் ஒரு பிரிவுக்கு முறையான கணக்கியல் கற்பித்தார்கள். இன்னொரு பிரிவுக்கு ‘கடைக் காசை ஒரு டிராயரில் வை, வீட்டுக் காசை இன்னொன்றில் வை’ என்ற மாதிரி எளிய விதிகள் மட்டும். இரண்டாவதுதான் பலித்தது. என் பாட்டி மோர் விற்ற காசை ஒரு சுருக்குப்பையிலும் வீட்டுக் காசைக் கடுகு டப்பாவிலும் வைத்திருந்தார். எந்தப் பல்கலைக்கழகமும் அவரைக் கூப்பிட்டு டாக்டர் பட்டம் கொடுக்கவில்லை.

வகுப்புக்கு வருபவர்களைத் தோழியோடு வரச்சொல்லுங்கள். ஆமதாபாதில் இரண்டே நாள் பயிற்சியில், தோழியோடு வந்தவர்களின் குடும்ப வருமானம் பின்னால் கூடியிருந்தது. தனியாக வந்தவர்களிடம் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை.

அப்புறம், சான்றிதழ் கொடுத்துப் போட்டோ எடுத்ததும் கிளம்பிவிடாதீர்கள். 1982இல் கர்நாடகத்து உஜிரேயில் தொடங்கிய ருட்செட் பயிற்சி நிலையம் சாப்பாடு, தங்குமிடத்தோடு இலவசமாகக் கற்றுக்கொடுத்துவிட்டு, படித்துப் போனவர்களை இரண்டு வருஷம் விடாமல் பின்தொடர்கிறது. அதே மாதிரியில் வங்கிகள் நடத்தும் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் நம் மாவட்டங்களிலும் இருக்கின்றன. முதலில் அங்கே போய் ஒரு வாரம் பின்வரிசையில் உட்காருங்கள்.

? பத்துப் பேருக்குத் தையல் மெஷின் கொடுக்கலாம் என்று எங்கள் சங்கத்தில் தீர்மானம். உங்கள் கருத்து?
– சங்கச் செயலாளர், திருத்தணி

ஒரே தெருவில் பத்துப் பேருக்கா? அந்தத் தெருவில் ஜாக்கெட் தைத்துக்கொள்ள ஆள் மிச்சம் இருக்கிறார்களா என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

? பெரிய நன்கொடை தர எனக்கு வசதி இல்லை. எங்கள் தெருமுனையில் இட்லி விற்கும் அம்மாவுக்கு ஏதாவது செய்ய ஆசை.
– வங்கி ஊழியர், தாம்பரம்

வங்கியில்தானே வேலை? பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் தெரு வியாபாரிகளுக்கு ஈடில்லாக் கடன் இருக்கிறது. 2020இல் 10,000 ரூபாயாகத் தொடங்கிய முதல் கட்டக் கடனை 2025இல் 15,000 ஆக்கியிருக்கிறார்கள். அவருக்கு வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வேண்டும் என்றால் படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள்.

அதற்கு முன், அவரிடம் உங்கள் பேரில் பழைய பாக்கி ஏதாவது இருந்தால் நாளைக் காலை தீர்த்துவிடுங்கள். சில்லறையாக.