புல் இருந்தால் நாங்கள் ராஜா

டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியா மூன்று முறை இறுதிப் போட்டிவரை போயிருக்கிறது. 1966, 1974, 1987. ஒரு முறை ஆடித் தோற்றோம், ஒரு முறை அடிபட்டுத் தோற்றோம், ஒரு முறை ஆடாமலே தோற்றோம். இத்தனை வகையாகத் தோற்பதற்கும் ஒரு திறமை வேண்டும்.

ஆரம்பம் என்னவோ அமர்க்களம்தான். 1921-இல் முதன்முதலாகக் களமிறங்கி, பாரிஸுக்கே போய் பிரான்ஸை 4-1 என்று மடக்கிப் போட்டோம். அன்று நாடு நம் கையில் இல்லை. டென்னிஸ் அணி மட்டும் இருந்தது. அதில் சிட்னி ஜேக்கப் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியும் உண்டு. வென்ற ஜோரில் கப்பலேறி அட்லாண்டிக்கைக் கடந்து சிகாகோ போனார்கள். அங்கே ஜப்பான் 5-0 என்று சாத்தி அனுப்பியது. உதை வாங்க இவ்வளவு தூரம் கப்பல் செலவு செய்தவர்கள் அந்தக் காலத்தில் அதிகம் பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த ஆண்டு அணிக்கு வந்தவர் மெட்ராஸ்காரர் கோட்டா ராமசாமி. டென்னிஸ் ஆடிய மனிதர் 1936-இல், நாற்பது வயதில், மான்செஸ்டரில் இந்தியாவுக்காக டெஸ்ட் கிரிக்கெட் ஆட இறங்கி, 40, 60 என்று அடித்தார். இரண்டுக்கும் வெள்ளை உடுப்புதானே, தனியாக எதற்குச் செலவு என்று நினைத்தார்களோ என்னவோ.

அப்புறம் நாற்பது சொச்சம் ஆண்டுகள். தாண்டிவிடுவோம், அங்கே சிரிக்க அதிகமில்லை.

1966-க்கு வருவோம். அப்போதெல்லாம் சேலஞ்ச் ரவுண்ட் என்று ஒரு ஜமீன்தார் ஏற்பாடு. போன வருடம் கோப்பையை வென்ற நாடு வீட்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். மற்ற நாடுகள் எல்லாம் ஊர் ஊராக அடித்துக்கொண்டு, மிஞ்சிய ஒரே ஒரு நாடு மூச்சிரைக்க அதன் வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த வருட ஜமீன்தார் ஆஸ்திரேலியா. வாசலுக்குப் போகும் முன் நாம் தாண்ட வேண்டியது பிரேசில். சாதாரண பிரேசில் இல்லை, அமெரிக்காவையே கவிழ்த்துவிட்டு வந்த பிரேசில்.

ஆட்டம் கல்கத்தா சௌத் கிளப் புல்தரையில். 2-2 என்று நிற்கிறது. கடைசி ஆட்டம் ராமநாதன் கிருஷ்ணனுக்கும் தாமஸ் கோக்குக்கும். கிருஷ்ணனின் சர்வீஸ் உலகப் பிரசித்தம், வேகத்துக்காக அல்ல. கோயிலில் குருக்கள் விபூதி கொடுப்பதுபோல அடக்கமாக, எதிராளி கைக்கு எட்டும்படி வந்து விழும். அதை வைத்துக்கொண்டே மனிதர் இரண்டு முறை விம்பிள்டன் அரையிறுதி ஆடியவர். கோக் இரண்டு செட் வாங்கியாகிவிட்டது. நான்காவது செட்டில் 5-2. இன்னும் ஒரே ஒரு கேம். பிரேசில்காரர்கள் மனதளவில் மெல்போர்னில் பெட்டியை இறக்கியிருப்பார்கள். அங்கிருந்து கிருஷ்ணன் வரிசையாக ஐந்து கேம் எடுத்தார். 3-6, 6-4, 10-12, 7-5, 6-2. இதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தால் முழு ஆட்டத்தையும் பார்த்த களைப்பு வந்துவிடும்.

மெல்போர்ன் கூயோங்கில் ஜமீன்தார் 4-1 என்று கதவைச் சாத்திவிட்டார். ஆனாலும் இரட்டையர் ஆட்டத்தில் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் நியூகோம்ப் - ரோச் ஜோடியை வீழ்த்தினார்கள். முந்தின வருட விம்பிள்டன் சாம்பியன்களை, அவர்கள் ஊரிலேயே. அந்த ‘1’ நம்முடையது.

1974-இல் பழைய பாக்கி தீர்ந்தது. அதே கல்கத்தாவுக்கு ஆஸ்திரேலியா வந்தது. அப்போது டைபிரேக் கிடையாது, யாராவது சலித்துப் போகும்வரை செட் ஓடும். விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் அலெக்சாண்டர் - டிப்லி ஜோடியோடு ஆடிய இரட்டையர் ஆட்டத்தின் கணக்கு 17-15, 6-8, 6-3, 16-18, 6-4. மொத்தம் 99 கேம். இன்னொன்று ஆடி நூறாக்கியிருக்கலாம், மெட்ராஸ் பையன்களுக்கு அடக்கம் அதிகம். ஐந்து ஆட்டமும் சேர்த்து 327 கேம். மே மாதக் கல்கத்தா வெயிலில். 3-2 என்று ஜெயித்து, பிறகு புனேயில் சோவியத் யூனியனையும் மண்ணைக் கவ்வ வைத்தாயிற்று.

இறுதியில் எதிரே யார் என்று பார்த்தால் தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசு. இந்தியா ஆட மாட்டேன் என்றது. சரியான முடிவு, அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. ஆனால் 327 கேம் வியர்வை சிந்திய இருபது வயது விஜய்யிடம் போய், “தம்பி, கொள்கை ஜெயித்துவிட்டது” என்று சொல்லும் வேலையை நான் ஏற்க மாட்டேன். அதுவரை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ஆஸ்திரேலியா என்ற நான்கு பெரிய வீட்டைத் தாண்டி வெளியே போகாத கோப்பை, முதல் முறையாக ஐந்தாவது வீட்டுக்குப் போனது. அதுவும் இறுதிப் போட்டியில் ஒரு பந்தைக்கூட அடிக்காமல்.

1987-இல் அணி கிட்டத்தட்ட ரேஷன் கார்டு. அமிர்தராஜ் அண்ணன் தம்பி அப்படியே இருந்தார்கள். கிருஷ்ணனுக்குப் பதில் மகன் ரமேஷ். இடையில் விஜய் ‘ஆக்டோபஸ்ஸி’யில் ஜேம்ஸ் பாண்டுக்குத் துணையாக வந்து, டென்னிஸ் மட்டையாலேயே அடியாட்களைத் துவைத்திருந்தார். அந்தப் பயிற்சி வீண் போகவில்லை. டெல்லியில் அர்ஜென்டினாவின் ஹைட்டேவிடம் இரண்டு செட் இழந்து, மேட்ச் பாயிண்ட்வரை போய், திரும்பி வந்து ஜெயித்தார். சிட்னியில் ஆஸ்திரேலியாவும் காலி. எல்லாம் புல்தரை.

இறுதியில் எதிரே வந்த ஸ்வீடன்காரர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். தரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சொந்த ஊர்க்காரருக்கு. கோதன்பர்க்கில் டிசம்பர் குளிரில், ஐஸ் ஹாக்கி ஆடும் உள்ளரங்கில், செம்மண் களம் போட்டுவிட்டார்கள். அவர்கள் அணியில் ஒருவர் அதற்குள் பிரெஞ்சு ஓபனை இரண்டு முறை வென்றிருந்த வில்லாண்டர். நம் பக்கம் விஜய்க்கு 34, ஆனந்துக்கு 35. ஐந்துக்கு ஐந்தும் அவர்களுக்கு.

புல் கிடைத்தால் ராஜா, மண் கிடைத்தால் கூஜா என்று ஒரு சித்தாந்தம் இதிலிருந்து உருவானது. 1993-இல் அதையும் நம்மவர்களே கெடுத்தார்கள். லியாண்டர் பயஸும் 32 வயது ரமேஷும் பிரான்ஸுக்குப் போய், ஃப்ரேஜுஸ் செம்மண்ணில் பிரான்ஸை 3-2 என்று சாய்த்தார்கள். அடுத்த ஆட்டம் அரையிறுதி. சொந்த நாடு, சண்டிகர், நாமே கேட்டுப் போட்ட புல்தரை. ஆஸ்திரேலியா 5, இந்தியா 0.